பத்தொன்பது கிலோ

இருபதாவது கொண்டை ஊசி வளைவில்
காது அடைத்துத் திறந்தது.
சேலத்து வெயில் கீழே
தகரம் போலக் கிடந்தது.
பேருந்தின் தரையில் என் பை
யாருடைய கோழிக்கூடைக்கோ முட்டுக் கொடுத்திருந்தது.
"மலை ஏற வந்தீங்களா?" என்றார் நடத்துனர்.
ஏறிக்கொண்டிருந்தது பேருந்துதான்.
ஆமாங்க என்றேன்.

ஆறு வருடமாகத் திருப்பூரில்
பனியன் தையலை எண்ணுகிறவள் நான்.
அங்குலத்துக்குப் பத்து.
ஒன்பதென்றால் சிவப்பு ஸ்டிக்கர்.
தீபாவளி போனஸில் வாங்கிய பை இது.
அறுபது லிட்டர் என்று எழுதியிருக்கிறது,
எதை ஊற்றி அளந்தார்கள் என்று எழுதவில்லை.

ஒண்டிக்கடையில் இறங்கிக்
காப்பி கேட்டேன்.
கடைக்காரர் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தார்.
"இந்த ஊர்ல டீ குடிங்க அம்மணி,
நல்ல காப்பியெல்லாம் ஏத்துமதிக்குப் போயிருது."
எங்கள் பனியனும் அப்படித்தான்.
சொல்லாமல்
பொடிக்காப்பியையே குடித்தேன், வாய் வெந்தது.

நாகலூர்ச் சாலையில் பாதியில் பிரிந்து
பெயர்ப்பலகை துருப்பிடித்த தோட்டத்துக்குள் நடந்தேன்.
சில்வர் ஓக் மரங்களின் இடுப்புவரை மிளகுக்கொடி.
அதற்குக் கீழே காப்பிச்செடிகள்,
இருட்டில் உட்கார்ந்து பேசுகிறவர்கள் போல.
போனின் நீலப் புள்ளி
ஒரு பலாமரத்தடியில் நின்றுவிட்டது.
நானும் நின்றேன்.

சடசடவென்று மழை.
நனையவில்லை.
விரித்த படங்கில் பழம் உதிர்கிற சத்தம் அது.

நாலு மணிக்கு எடை.
மூன்று மூங்கில் கால்களுக்கு நடுவே கொக்கித் தராசு,
நோட்டும் பேனாவுமாய் ஜெபமாலை அண்ணன்.
புளித்த பழவாசம். தேனீக்கள்.
மூட்டைகள் ஏறின, இறங்கின.
வரிசை முடிந்ததும் தீர்த்தாயி
என் முதுகைக் காட்டினாள்:
"அதையும் மாட்டுங்க, பாத்துருவோம்."

முள் ஆடி ஆடி நின்றது.
பத்தொன்பது.
"கிலோ எட்டு ரூவா,
நூத்தி அம்பத்திரெண்டு.
கையெழுத்துப் போடுங்க" என்றார் ஜெபமாலை,
முகம் மாறாமல்.
சிரித்த சிரிப்பில்
ஒரு சாக்கு சரிந்து பழம் உருண்டது.
குனிந்து பொறுக்கினேன்.
அதில் மூன்று ரூபாய்க்காவது பொறுக்கியிருப்பேன்.

அப்போதுதான் பார்த்தேன்.
கிளையில் தொங்கியது இன்னொரு பை.
அதே நீலம், அதே ஆரஞ்சுக் கயிறு,
ஜிப் போன இடத்தில் ஊக்கு.
அவளுடையது. பெயர் புல்மணி.
தமிழில் அது புல்லின் மணி;
அவள் ஊரில் வேறு ஏதோ. கேட்கவில்லை.
ஜார்க்கண்டிலிருந்து மூன்று ரயில்,
பிறகு இந்த இருபது வளைவு.
இன்றைக்கு அவள் கணக்கு நாற்பத்திரண்டு கிலோ.

"அக்கா எந்த ஊர்?"
திருப்பூர் என்றதும்
அவள் தமிழுக்கு வேகம் வந்தது.
"அங்கேரிபாளையம் ஹாஸ்டல். ரெண்டாம் மாடி.
தண்ணி விடியல்ல நாலு மணி."
அந்தக் கட்டடத்தின் நிழலில் நின்றுதான்
தினமும் பேருந்து பிடிக்கிறேன்.
"கம்பெனில என்ன வேலை?"
செக்கிங் என்றேன்,
கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

அவள் தைத்த கழுத்துப்பட்டி ஏதாவது
என் சிவப்பு ஸ்டிக்கரோடு திரும்பிப் போயிருக்கலாம்.
அதை நினைத்தாளோ என்னவோ,
குவியலிலிருந்து ஒரு பச்சைக்காயை எடுத்து
என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.
"மேடம், பாஸா? ரிஜெக்டா?"

உட்கார்ந்தேன்.
பச்சையைத் தனியே, சிவப்பைத் தனியே
இருவரும் பிரித்தோம்.
அவள் கை வேகத்துக்கு என் கண் வரவில்லை.
ஒரு பழத்தை நசுக்கி வாயில் போட்டேன்,
வழவழப்பாய் ஒரு இனிப்பு,
முடிவதற்குள் கொட்டை தட்டியது.

"எதுக்கு வந்தீங்க, இவ்வளவு தூக்கிட்டு?"
சும்மாதான் என்றேன். சுத்திப் பார்க்க.
"சும்மா," என்று சொல்லிப் பார்த்தாள்.
திருப்பூரில் அவள் கற்ற முதல் தமிழ்ச்சொல் அது:
சும்மா நிக்காத, சும்மா பேசாத.
பனி இறங்கி
தராசின் முள் மறைந்துகொண்டிருந்தது.

"சும்மாவுக்கு
எத்தனை நாள் லீவு தருவாங்க?"

மூணு நாள்.
இன்னைக்கு ஒண்ணு போச்சு.

"பாக்கி ரெண்டு," என்றாள்,
காய் பொறுக்குகிற கையை நிறுத்தாமல்.